அறிவுக்கு வடிவம் உண்டு



ஒரு சின்னக் கேள்வியோடு தொடங்குகிறேன். உங்கள் வீட்டில் மொத்தம் எத்தனை ஜன்னல்கள்? கண்ணை மூடிக்கொண்டு எண்ணிப் பாருங்கள். அவசரம் இல்லை.

எண்ணிவிட்டீர்களா? இப்போது சொல்லுங்கள், எப்படி எண்ணினீர்கள்? உங்கள் வீட்டு ஜன்னல்களின் எண்ணிக்கையை யாரும் உங்களுக்குச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். எங்கும் எழுதியும் வைத்திருக்க மாட்டீர்கள். ஆனாலும் விடை வந்தது. உங்களில் பலர் வாசல் வழியாக உள்ளே போயிருப்பீர்கள். கூடத்தில் இரண்டு, படுக்கையறையில் ஒன்று, சமையலறையில் ஒன்று என்று அறை அறையாகப் போய் எண்ணியிருப்பீர்கள். உடம்பு இந்த மண்டபத்து நாற்காலியில் இருக்கிறது. அப்படியானால் நீங்கள் நடந்து பார்த்தது எந்த வீட்டை? அந்த வீடு எதனால் கட்டப்பட்டது?

இதுதான் இன்றைய பேச்சின் பொருள். வெளியே இருக்கும் உலகத்தை மனம் தனக்குள் எப்படி வைத்துக்கொள்கிறது? வைத்துக்கொண்டதைக் கொண்டு எப்படி வேலை செய்கிறது? மனத்துக்குள் உலகுக்குப் பதிலாக நிற்கும் அந்த ஒன்றை, பேச்சு வசதிக்காக, மன உரு என்று சொல்லிக்கொள்வோம். அதை ஆராயும் துறைக்கு அறிதல் அறிவியல் என்று பெயர்.

நான் சொல்ல வந்த கருத்து ஒன்றே ஒன்று. அறிவுக்கு வடிவம் உண்டு. ஒருவருக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்டே நாம் பழகிவிட்டோம். தெரிந்ததை எந்த வடிவில் வைத்திருக்கிறார் என்று கேட்பதில்லை. ஆனால், அவரால் எது முடியும், எது முடியாது என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த வடிவம்தான்.

வடிவத்துக்கு அவ்வளவு வலிமையா? நம் வீட்டிலேயே சான்று இருக்கிறது. பழைய தமிழ் எண் முறையை எண்ணிப் பாருங்கள். அதில் பத்துக்கு ௰ என்று ஒரு குறி. நூறுக்கு ௱. ஆயிரத்துக்கு ௲. முப்பத்தேழை ௩௰௭ என்று எழுதுவார்கள். இருநூற்று ஐந்தை ௨௱௫ என்று எழுதுவார்கள். நாம் வாயால் சொல்லும் வரிசை அப்படியே கையெழுத்தில் வந்து நிற்கும். படிப்பதற்கு எவ்வளவு இயல்பு!

ஆனால் ௨௱௫ஐயும் ௩௰௭ஐயும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டச் சொன்னால் என்ன ஆகும்? மேலே நூறின் குறி நிற்கும் இடத்துக்கு நேர் கீழே பத்தின் குறி நிற்கும். இனம் இனத்தோடு சேராது. அதே எண்களை 205, 37 என்று இடமதிப்பு முறையில் எழுதுங்கள். ஒன்றுக்குக் கீழே ஒன்று, பத்துக்குக் கீழே பத்து, தானாக அமைந்துவிடும். பத்து வயதுப் பிள்ளை கூட்டிவிடும். எண் மாறவில்லை. எண்ணின் மதிப்பு மாறவில்லை. எழுதிய வடிவம் மாறியது. கூடவே, எந்த வேலை எளிது, எந்த வேலை கடினம் என்பதும் மாறியது.

டேவிட் மார் என்ற ஆங்கிலேய அறிஞர், ரோமன் எண்களையும் நம் இன்றைய எண்களையும் ஒப்பிட்டு இதே உண்மையை விளக்கினார். 35 வயதில், 1980ஆம் ஆண்டில், ரத்தப் புற்றுநோய்க்கு அவர் பலியானார். பார்வையைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1982ஆம் ஆண்டில், அவர் மறைந்த பிறகு வெளிவந்தது. ஒவ்வொரு வடிவமும் சில செய்திகளை முன்னே எடுத்து வைக்கிறது, சில செய்திகளைப் பின்னே தள்ளிவிடுகிறது என்பது அவர் நமக்குத் தந்த பாடம். தாளில் எழுதும் எண்ணுக்கு இது பொருந்தும் என்றால், மனத்தில் எழுதும் அறிவுக்குப் பொருந்தாதா?

பொருந்தும். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பதற்கே ஒரு காலத்தில் தடை இருந்தது, அன்பர்களே. 1913ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜான் வாட்சன் என்ற உளவியலாளர் ஒரு கொள்கையை முழங்கினார். கண்ணுக்குத் தெரியும் நடத்தை மட்டுமே அறிவியல். உள்ளே என்ன நடக்கிறது என்ற பேச்சே வேண்டாம் என்றார். நடத்தைவாதம் என்ற அந்தக் கொள்கை அமெரிக்க உளவியலை ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆண்டது. உள்ளே போகும் தூண்டலை அளக்கலாம், வெளியே வரும் எதிர்வினையை அளக்கலாம். நடுவில் இருக்கும் மனத்தைப் பற்றி மட்டும் மூச்சு விடக் கூடாது!

அந்தக் காலத்திலும் சிலர் மூச்சு விட்டார்கள். கேம்பிரிட்ஜில் கென்னத் கிரெய்க் என்ற இளைஞர், 1943ஆம் ஆண்டில் ஒரு சிறு நூல் எழுதினார். உயிரினம் தன் தலைக்குள் வெளியுலகின் சிறிய மாதிரி ஒன்றை வைத்திருக்கிறது, செயலில் இறங்கும் முன் அந்த மாதிரியில் சோதித்துப் பார்த்துக்கொள்கிறது என்று அதில் சொன்னார். 1945ஆம் ஆண்டு மே மாதம், ஐரோப்பாவில் போர் ஓய்ந்த அதே நாட்களில், சைக்கிளில் போகும்போது விபத்தில் சிக்கி இறந்தார். வயது 31. அவர் விதைத்த கருத்து மட்டும் இறக்கவில்லை.

பிறகு 1956ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் தேதி வந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஒரு கருத்தரங்கு. ஆலன் நியூவெல், ஹெர்பர்ட் சைமன் இருவரும், கணிதத் தேற்றங்களை நிரூபிக்கும் கணினி நிரல் ஒன்றை விளக்கினார்கள். நோம் சோம்ஸ்கி மொழியின் இலக்கணத்தைப் பற்றிப் பேசினார். ஜார்ஜ் மில்லர் நினைவின் எல்லையைப் பற்றிப் பேசினார். கணினி, மொழி, நினைவு ஆகிய மூன்றும் ஒரே நாளில் ஒரே அரங்கில் சந்தித்தன. அறிதல் அறிவியல் பிறந்த நாள் அதுதான் என்று மில்லரே பிற்காலத்தில் எழுதினார்.

கணினி ஏன் இவ்வளவு பெரிய திருப்பத்தைத் தந்தது? ஓர் இயந்திரம் குறியீடுகளைத் தனக்குள் வைத்துக்கொள்கிறது. படிப்படியாக அவற்றை மாற்றுகிறது. விடையைத் தருகிறது. அதற்குள் மாயம் எதுவும் இல்லை, மந்திரம் எதுவும் இல்லை. இயந்திரத்தின் உள்ளே நடப்பதைப் பற்றி அறிவியலாகப் பேச முடியும் என்றால், மனிதனின் உள்ளே நடப்பதைப் பற்றிப் பேசக் கூடாது என்று யார் தடுக்க முடியும்? பூட்டிக் கிடந்த கதவு திறந்தது.

சரி, கதவு திறந்தது. உள்ளே எப்படிப் பார்ப்பது? மண்டையைத் திறந்தாலும் எண்ணம் தெரியாதே! அறிவியலாளர்கள் இரண்டு வழிகளைக் கண்டார்கள். ஒன்று, காலம். மற்றொன்று, பிழை. ஒரு வேலையைச் செய்ய மனம் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்று அளந்தார்கள். எந்த இடத்தில், எந்த விதத்தில் தவறுகிறது என்று கவனித்தார்கள். இந்த இரண்டும் சேர்ந்து, காண முடியாத மனத்தின் அமைப்பைக் காட்டிக்கொடுத்தன.

முதலில் காலத்தைப் பார்ப்போம். 1971ஆம் ஆண்டில் ரோஜர் ஷெப்பர்ட், ஜாக்குலின் மெட்ஸ்லர் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சிறு கனசதுரங்களை ஒட்டிச் செய்த, கோணல்மாணலான உருவங்களின் படங்கள். இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டுவார்கள். இரண்டும் திருப்பி வைத்த ஒரே பொருள்தானா, அல்லது ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பமா? இதைச் சொல்ல வேண்டும். எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார்கள்.

என்ன தெரிந்தது? திருப்பிய கோணம் கூடக் கூட, விடை சொல்லும் நேரமும் ஒரே சீராகக் கூடியது. கோணமே இல்லாதபோது சுமார் ஒரு நொடி. 180 பாகை திருப்பியிருந்தால் நான்கு நொடிக்கு மேல். வரைபடத்தில் புள்ளி வைத்தால் நேர்கோடு! கணக்குப் போட்டால், நொடிக்குச் சுமார் 60 பாகை வேகம். பொருளைக் கையில் எடுத்துத் திருப்பினால் வழியில் உள்ள எல்லாக் கோணங்களையும் கடந்துதானே ஆக வேண்டும்? மனமும் அப்படியே கடந்து போகிறது என்பதைக் கடிகாரம் காட்டிவிட்டது.

ஸ்டீபன் காஸ்லின் என்பவரும் அவருடைய குழுவினரும் 1978ஆம் ஆண்டில் இன்னொரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு கற்பனைத் தீவின் வரைபடம். அதில் குடிசை, மரம், பாறை, கிணறு, ஏரி, மணல், புல் என்று ஏழு இடங்கள். வரைபடத்தை மனத்தில் பதித்துக்கொள்ளச் சொன்னார்கள். பிறகு தாளை எடுத்துவிட்டு, மனக்கண்ணால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகச் சொன்னார்கள். தூரம் கூடியபோது நேரமும் கூடியது. இல்லாத தீவில், இல்லாத பாதையில், தூரம் மட்டும் மெய்யாக இருந்தது!

எல்லாரும் இதை ஒப்புக்கொண்டார்களா? இல்லை. ஸீனன் பிலிஷின் என்ற அறிஞர் கடுமையாக மறுத்தார். மனத்துக்குள் படம் என்று எதுவும் இல்லை, வாக்கியம் போன்ற விவரிப்புகள்தான் இருக்கின்றன, படம் பார்ப்பதாக நமக்குத் தோன்றுகிறது என்றார். வரைபடத்தில் நடப்பதாகக் கற்பனை செய்யச் சொன்னால், நிஜமாக நடந்தால் ஆகும் நேரத்தை மக்கள் தாமாகவே பாவித்துக் காட்டுகிறார்கள் என்றார். பல ஆண்டுகள் நீடித்த அந்த வாதத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். இரு தரப்பாரும் எந்தக் கேள்விக்காக வாதாடினார்கள் என்று பாருங்கள். மனத்துக்குள் ஏதாவது இருக்கிறதா என்பதற்காக அல்ல. இருப்பது எந்த வடிவில் இருக்கிறது என்பதற்காக! கேள்வி அவ்வளவு தூரம் முன்னேறியிருந்தது.

அடுத்தது பிழை. பிழையை நாம் குப்பை என்று நினைக்கிறோம். அறிதல் அறிவியலுக்கு அது புதையல்.

அபாகஸ் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். சில காலம் பழகியபின் மணிச்சட்டம் கையில் இல்லாமலே, விரல்களைக் காற்றில் அசைத்துக்கொண்டு பெரிய கணக்குகளைப் போடுவார்கள். அவர்கள் மனத்தில் இருப்பது என்ன? 1984ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஸ்டிக்லர் என்ற ஆய்வாளர், தைவானில் அபாகஸ் பழகிய பிள்ளைகளின் தவறான விடைகளை ஆராய்ந்தார். சரியான விடைகளை அல்ல, தவறான விடைகளை! அந்தப் பிள்ளைகள் சரியாக ஐந்து கூடவோ குறையவோ தவறுவது, அபாகஸ் பழகாதவர்களைவிட மிகுதியாக இருந்தது.

ஏன் ஐந்து? மணிச்சட்டத்தில் மேல்வரிசை மணி ஒன்றின் மதிப்பு ஐந்து. ஏழு என்றால் மேலே ஒரு மணி, கீழே இரண்டு மணி. மேல்மணி ஒன்றை மனம் தவறவிட்டால் ஏழு இரண்டாகிவிடும். தாளில் கணக்குப் போடுகிறவருக்கு ஏழும் இரண்டும் குழம்ப வேண்டிய காரணமே இல்லை. ஆக, அந்தப் பிள்ளைகளின் மனத்தில் இருந்தது எண்ணின் எழுத்து வடிவம் இல்லை, வாயால் சொல்லும் சொல்லும் இல்லை. மணிச்சட்டமே இருந்தது! மைக்கேல் ஃபிராங்க், டேவிட் பார்னர் என்ற ஆய்வாளர்கள் குஜராத்தில் இப்படிப் பயின்ற பிள்ளைகளை ஆராய்ந்து 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையும், இது பெரிதும் பார்வை சார்ந்த மன உரு என்றே காட்டியது.

இதைவிட வியப்பான சான்று இத்தாலியின் மிலான் நகரிலிருந்து வந்தது. மூளையின் வலப்பாதி பாதிக்கப்பட்ட சிலருக்கு, இடப்பக்கம் என்ற ஒன்றே கவனத்தில் வராமல் போகும். கண்ணில் குறை இருக்காது. ஆனால் தட்டில் இடப்பக்கம் உள்ள சோறு அப்படியே மிஞ்சும். எடோர்டோ பிசியாக், கிளாடியோ லுஸ்ஸாட்டி என்ற இரு அறிஞர்கள் இப்படிப்பட்ட இரண்டு நோயாளிகளிடம், 1978ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வில், ஒரு கேள்வி கேட்டார்கள். இருவரும் மிலான்காரர்கள். அந்நகரின் பேராலயச் சதுக்கம் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த இடம்.

"சதுக்கத்தின் கோடியில் நின்று பேராலயத்தைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். என்னென்ன தெரிகிறது?" என்று கேட்டார்கள். நோயாளிகள் வலப்பக்கத்துக் கட்டடங்களை வரிசையாகச் சொன்னார்கள். இடப்பக்கம் பெரும்பாலும் விடுபட்டுப் போயிற்று. மறந்துவிட்டார்களா? அவசரப்பட வேண்டாம். அடுத்த கேள்வியைக் கேளுங்கள். "இப்போது பேராலய வாசலில் நின்று சதுக்கத்தைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்." உடனே, முன்பு விட்டுப்போன கட்டடங்களையெல்லாம் சொன்னார்கள். முன்பு சொன்ன கட்டடங்களை இப்போது விட்டுவிட்டார்கள்!

யோசித்துப் பாருங்கள், அன்பர்களே. அறிவு முழுதும் அவர்களிடம் இருந்தது. ஒரு கட்டடமும் அழிந்து போகவில்லை. ஆனால் மனம் ஒரு காட்சியை எழுப்பும்போது அதை ஓரிடத்தில் நின்று பார்க்கிறது; அந்தக் காட்சிக்கு இடமும் வலமும் இருக்கிறது. நினைவுக்குள்ளும் ஒரு திசை இருக்கிறது!

இந்த மன உருக்களுக்கு மூளையில் இருப்பிடம் உண்டா? உண்டு என்பதற்குச் சான்றுகள் குவிந்துகொண்டே வருகின்றன. லண்டனில் ஜான் ஓ'கீஃப் 1971ஆம் ஆண்டில், எலியின் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில், எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் துடிக்கும் நரம்பணுக்களைக் கண்டதாக அறிவித்தார். இடத்துக்கு ஓர் அணு! நார்வேயில் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் இருவரும் அவர்களுடைய குழுவினரும் 2005ஆம் ஆண்டில், அறுகோண அமைப்பில் இடத்தை அளக்கும் அணுக்களை அறிவித்தார்கள். மூவருக்கும் 2014ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. தலைக்குள் வரைபடம் என்று 1948ஆம் ஆண்டிலேயே எட்வர்ட் டோல்மன் என்ற உளவியலாளர் எலிகளை வைத்துச் சொன்னது, நரம்பணுவின் துடிப்பாகவே கேட்டது.

மன உரு ஒரே வகைதானா? அதுவும் இல்லை. அமெரிக்கரான ஹென்றி மொலைசனுக்கு 1953ஆம் ஆண்டில் வலிப்பு நோய்க்காக மூளை அறுவைச் சிகிச்சை நடந்தது. அதன்பின் புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற அறிஞர் அவருக்கு ஒரு பயிற்சி தந்தார். கையை நேராகப் பார்க்காமல், கண்ணாடியில் பார்த்தபடியே ஒரு நட்சத்திரத்தின் கோட்டின்மேல் பென்சிலை ஓட்ட வேண்டும். நாளுக்கு நாள் அவர் கை தேறியது. ஆனால் ஒவ்வொரு நாளும், இப்படி ஒரு பயிற்சியைச் செய்ததே அவருக்கு நினைவில்லை! கைக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை. நடந்ததை அறிவது ஒரு வடிவம். செய்யத் தெரிவது வேறொரு வடிவம்.

இனி, நம் எல்லாருடைய வாழ்க்கைக்கும் நெருக்கமான கேள்விக்கு வருகிறேன். மனத்தில் ஒரே நேரத்தில் எவ்வளவு பிடிக்கும்?

ஜார்ஜ் மில்லர் 1956ஆம் ஆண்டில் சொன்ன விடை, சுமார் ஏழு. பிற்காலத்தில் நெல்சன் கோவன் போன்றவர்கள், உண்மையில் நான்குதான் இருக்கும் என்றார்கள். ஏழோ நான்கோ, மிகக் குறைவு! இவ்வளவு சிறிய இடத்தை வைத்துக்கொண்டு மனிதன் எப்படிக் காவியம் எழுதினான்? எப்படிக் கோயில் கட்டினான்? எப்படி விண்ணைக் கணக்கிட்டான்?

விடை மில்லரிடமே இருக்கிறது. ஏழு என்பது எழுத்துகளின் எண்ணிக்கை அல்ல, தொகுப்புகளின் எண்ணிக்கை. பலவற்றைச் சேர்த்து ஒன்றாகக் கட்டத் தெரிந்தால், அந்தக் கட்டு ஓர் இடத்தை மட்டுமே அடைக்கும்.

ஒரு மாணவரின் கதையைக் கேளுங்கள். அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆண்டர்ஸ் எரிக்சன், வில்லியம் சேஸ் என்ற ஆய்வாளர்கள் ஒரு மாணவருக்கு எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லித் திருப்பிச் சொல்ல வைத்தார்கள். தொடக்கத்தில் எல்லாரையும் போல ஏழு இலக்கம் சொன்னார். ஏறத்தாழ 20 மாதங்களில் 230 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி செய்தார். கடைசியில் 79 இலக்கங்கள்! நினைவு வளர்ந்துவிட்டதா? இல்லை. அவர் ஓட்டப்பந்தய வீரர். 3492 என்று கேட்டால், மூன்று நிமிடம் 49.2 நொடி, ஒரு மைல் ஓட்டத்தின் உலகச் சாதனைக்கு நெருங்கிய நேரம் என்று மாற்றிக்கொள்வார். நான்கு இலக்கங்கள், ஓர் ஓட்டம். அதே மாணவருக்கு எண்களை விட்டுவிட்டு எழுத்துகளைச் சொன்னார்கள். பழையபடி ஆறு எழுத்துக்கு இறங்கிவிட்டார்! பாத்திரம் பெரிதாகவில்லை. எண்களுக்கு அவர் புதிய வடிவம் கண்டுபிடித்திருந்தார். அவ்வளவுதான்.

சதுரங்கத்திலும் இதே கதைதான். வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் இருவரும் 1973ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை. நடு ஆட்டத்தில் இருக்கும் பலகையை ஐந்து நொடி காட்டி மறைப்பார்கள். காய்களை அப்படியே அடுக்கிக் காட்ட வேண்டும். தேர்ந்த ஆட்டக்காரர் சுமார் 16 காய்களைச் சரியாக வைத்தார். புதியவர் நான்கு காய்களோடு நின்றார். அபார நினைவு என்று சொல்லத் தோன்றுகிறதா? பொறுங்கள். அடுத்து, காய்களை இஷ்டத்துக்குக் கலைத்துப் போட்ட பலகையைக் காட்டினார்கள். தேர்ந்தவரின் மேன்மை மறைந்துவிட்டது! அவர் கண்டது தனித்தனிக் காய்களை அல்ல. தாக்குதலைக் கண்டார், காவலைக் கண்டார், அரணைக் கண்டார். பொருள் இருந்த இடத்தில் நினைவு இருந்தது. பொருள் போனதும் நினைவும் போயிற்று.

நம் மண்ணின் அவதானக் கலையையும் இந்த வெளிச்சத்தில் பாருங்கள். இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907ஆம் ஆண்டில் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செயல்களில் கவனம் வைத்துச் சதாவதானி என்று புகழ்பெற்றார். ஒருவர் ஈற்றடி தருவார், ஒருவர் கணக்குக் கேட்பார், ஒருவர் பழம்பாடலின் பொருள் கேட்பார், இடையில் மணி ஒலிக்கும், முதுகில் விழும் பொருளையும் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். அவதானியிடம் இருப்பது தெய்வ வரம் என்று கைகூப்பிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். நான் அந்தக் கலையை இன்னும் உயர்வாக மதிக்கிறேன். சீரும் தளையும் எதுகையும் மோனையும் அவருக்கு இளமை முதலே ஊறிய கட்டமைப்புகள். யாப்பு என்றாலே கட்டுதல்தானே! பாட்டுக்கு முன்பே பாட்டின் வடிவம் அவரிடம் ஆயத்தமாக இருந்தது. ஈற்றடி வந்தால் போய் அமர ஓர் இடம் காத்திருந்தது. அது உழைப்பால் கட்டிய மனம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மனம் தன் உருக்களை அப்படியே பூட்டி வைப்பதில்லை. எடுக்கும்போதெல்லாம் புதிதாகக் கட்டுகிறது. 1974ஆம் ஆண்டில் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் இருவரும் மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படத்தைக் காட்டினார்கள். ஒரு குழுவிடம், கார்கள் இடித்துக்கொண்டபோது என்ன வேகம் என்று கேட்டார்கள். இன்னொரு குழுவிடம், கார்கள் மோதி நொறுங்கியபோது என்ன வேகம் என்று கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, கண்ணாடிச் சில்லுகளைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். படத்தில் சில்லே இல்லை. இடித்துக்கொண்ட என்று கேட்ட குழுவில் 50 பேரில் 7 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். நொறுங்கிய என்று கேட்ட குழுவில் 50 பேரில் 16 பேர்! அவர்கள் பொய் சொல்லவில்லை. கேள்வியில் இருந்த ஒரு சொல் நினைவுக்குள் புகுந்து அதன் பகுதியாகிவிட்டது. நீதிமன்றக் கூண்டில் நிற்கும் சாட்சியிடமும், பயந்து நிற்கும் குழந்தையிடமும் எப்படிக் கேள்வி கேட்க வேண்டும் என்பதை நாம் இதிலிருந்து கற்றாக வேண்டும்.

இத்தனை சோதனைகளையும் ஏன் உங்கள்முன் அடுக்கினேன்? நம் பள்ளிகளுக்காக அடுக்கினேன். நம் பிள்ளைகளுக்காக அடுக்கினேன்.

ஒரு பிள்ளை 52இலிருந்து 37ஐக் கழித்து 25 என்று எழுதுகிறது. சிவப்பு மையில் ஒரு தவறுக்குறி. "கவனம் போதாது" என்று ஓர் அறிவுரை. முடிந்தது கதை! ஆனால் சற்று நின்று பாருங்கள். அந்தப் பிள்ளை 5இலிருந்து 3ஐக் கழித்து 2 போட்டிருக்கிறது. 2க்கும் 7க்கும் இடையில், பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து 5 போட்டிருக்கிறது. கடன் வாங்கிக் கழிப்பது அதன் மனத்தில் இல்லை. ஒவ்வொரு பத்தியும் அதற்குத் தனித்தனி உலகம். ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற ஆய்வாளர்கள் 1978ஆம் ஆண்டில் இப்படிப்பட்ட பிழைகளை ஆராய்ந்தபோது, பல பிள்ளைகள் ஏதோ ஒரு தவறான விதியை ஒழுங்காகப் பின்பற்றுகிறார்கள் என்று கண்டார்கள். அந்தப் பிள்ளை கவனமில்லாத பிள்ளை இல்லை. கவனமாகத் தவறு செய்கிற பிள்ளை! அதற்கு வேண்டியது திட்டு இல்லை, கூடுதலாகப் பத்துக் கணக்கும் இல்லை. ஐந்து பத்துக் கட்டுகளையும் இரண்டு குச்சிகளையும் கையில் கொடுத்து, ஒரு கட்டைப் பிரிக்கச் சொல்லுங்கள். எண்ணின் வடிவம் மாறும். பிழை தானே போகும்.

மனப்பாடமே கூடாது என்று சொல்ல வந்தேனா? இல்லவே இல்லை. மனத்தின் இடம் மிகச் சிறியது என்று பார்த்தோம். வாய்பாடு வாயில் நின்றால்தான் அந்தச் சிறிய இடம் கணக்கின் சிக்கலுக்குக் கிடைக்கும். எண்சுவடியை ஓத வைத்த திண்ணைப் பள்ளி ஆசிரியர்கள் அந்த அளவில் சரியாகத்தான் செய்தார்கள். நான் வருந்துவது வேறொன்றுக்காக. பொருள் விளங்காத விடையை, வினாத்தாளில் கேட்ட அதே சொற்களில் கேட்டால் மட்டும் வெளியே வரும்படி நம் பிள்ளைகள் நெட்டுருப் போடுகிறார்கள். கேள்வியின் சொல் மாறினால் விடை வருவதில்லை. கலைத்துப் போட்ட சதுரங்கப் பலகையைத்தான் ஆண்டு முழுதும் அவர்களுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறோம். பிறகு, நினைவில்லை என்று அவர்களையே குற்றம் சொல்கிறோம். இது நியாயமா?

ஆசிரியப் பெருமக்களே, நாளைக் காலை வகுப்பில் ஒரு பிள்ளை தவறான விடை சொன்னால், "தப்பு, உட்கார்" என்று சொல்லிவிடாதீர்கள். "எப்படிப் போட்டாய், கண்ணு? சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். ஒரு நிமிடம்தான் ஆகும். அந்த ஒரு நிமிடத்தில் அந்தப் பிள்ளையின் மன உரு உங்கள் முன்னால் விரியும். ஆய்வுக்கூடம் தேவையில்லை, கருவி தேவையில்லை.

மாணவச் செல்வங்களே, படித்த பாடத்தைத் திரும்பத் திரும்ப அதே வரிகளில் ஓதிவிட்டுத் தெரியும் என்று நம்பிவிடாதீர்கள். புத்தகத்தை மூடுங்கள். படித்ததைப் படமாக வரையுங்கள். தம்பிக்கோ தங்கைக்கோ சொந்தச் சொல்லில் சொல்லுங்கள். உங்கள் ஊர் எண்களைப் போட்டு ஒரு கணக்கை நீங்களே உண்டாக்குங்கள். ஒரே உண்மையை மூன்று வடிவங்களில் வைத்திருப்பவருக்கு, ஒரு வழி அடைத்தாலும் இரண்டு வழி திறந்திருக்கும்.

பெற்றோர்களே, "எத்தனை மார்க்?" என்று கேட்கும் வாயால் "இன்றைக்கு என்ன புரிந்தது? எனக்கும் சொல்லு" என்றும் கேளுங்கள். சொல்லச் சொல்லத்தான் அறிவு உருப்பெறும்.

எல்லா மனிதருக்கும் மனத்தின் இடம் சிறியதுதான். அதில் எதைக் கட்டி எழுப்புகிறோம் என்பதில்தான் பெரும் வேறுபாடு வருகிறது. கட்டுவதைக் கற்றுக்கொள்ளலாம். கட்டுவதைக் கற்றுக்கொடுக்கலாம். குடிசையில் பிறந்த பிள்ளைக்கும் மாடியில் பிறந்த பிள்ளைக்கும் அந்த உரிமை ஒன்றே. அதை ஒரு பிள்ளைக்கும் மறுக்காத பள்ளிகளை நாம் சேர்ந்து உருவாக்குவோம்.